ஊர் திரும்பும் முன் பென்சன் கணக்கைப் பாருங்கள்: வெளிநாட்டில் உழைத்த யாழ்ப்பாணத்தவருக்கான முழுமையான வழிகாட்டி

பெரியப்பா கனடாவில் பதினொரு வருடம் உழைத்தவர். பிறகு உடம்பு ஏலாமல் ஊருக்கு வந்து, கோண்டாவில் வீட்டிலேயே காலமானார். அவர் போய் ஆறு வருடம் கழித்து, பெரியம்மா பழைய சூட்கேசைத் துப்புரவாக்கும்போது சம்பளத் துண்டுகள் ஒரு கட்டு கிடைத்தது. ஒவ்வொன்றிலும் 'சி.பி.பி' என்று ஒரு வரி, அதற்கு நேரே ஒரு கழிவு. அது கனடாப் பென்சன் திட்டத்துக்கு அவர் கட்டிய பணம். அவர் இறந்த மாதத்திலேயே பெரியம்மா விதவைப் பென்சனுக்கு விண்ணப்பித்திருக்கலாம். நாங்கள் விண்ணப்பித்தபோது பின்னோக்கி 11 மாதத்துக்கு மட்டுந்தான் நிலுவை கிடைத்தது. மிச்சம் ஐந்து வருடக் காசு போனது போனதுதான்.

அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் யார் வெளிநாட்டிலிருந்து திரும்பினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, பென்சன் கடுதாசி எங்கே என்பதுதான். கேட்டுக் கேட்டு, படிவம் நிரப்பி நிரப்பி அறிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் மூன்று கேள்விகள்

உங்கள் பணத்துக்கு என்ன ஆகும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. எந்த நாட்டில் கட்டினீர்கள்? உங்கள் கையில் இப்போது எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது? வயதான பிறகு எங்கே வசிக்கப் போகிறீர்கள்? ஒரே தொழிற்சாலையில் ஒரே வருடங்கள் வேலை செய்த இரண்டு பேரில் ஒருவருக்கு மாதாமாதம் பென்சன் வரும், மற்றவருக்கு ஒரு தடவை மொத்தத் தொகை வரும். கடவுச்சீட்டு மட்டும் வேறாக இருந்தால் போதும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியா, கனடா, சுவிஸ், ஜெர்மனி, ஜப்பான் ஆகிய நாடுகளுக்கும் இலங்கைக்கும் இடையில் சமூகப் பாதுகாப்பு உடன்பாடு இல்லை. உடன்பாடு இருந்தால் இங்கே உழைத்த வருடங்களையும் அங்கே உழைத்த வருடங்களையும் கூட்டிக் காட்டலாம். நமக்கு அது இல்லாதபடியால், யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்த 12 வருடத்தை லண்டனில் உழைத்த 8 வருடத்தோடு சேர்த்து அங்கே பென்சன் கேட்க முடியாது. ஒவ்வொரு நாட்டின் குறைந்தபட்ச வருடத்தையும் அந்த நாட்டிலேயே நிரப்ப வேண்டும்.

படி 1: பதிவை அங்கே இருக்கும்போதே எடுங்கள்

விமானச் சீட்டுப் போடும் முன்பே அந்த நாட்டுப் பென்சன் அலுவலகத்திடமிருந்து உங்கள் பங்களிப்புப் பதிவை எழுத்தில் எடுங்கள். பிரித்தானியாவில் நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்தில் கழிக்கும் தேசிய காப்புறுதி) பதிவு, கனடாவில் சி.பி.பி பங்களிப்புக் கூற்று, சுவிஸில் ஏ.எச்.வி என்ற முதியோர் காப்புறுதியின் தனிநபர் கணக்குக் கூற்று, ஜெர்மனியில் காப்புறுதி வரலாறு, பிரான்சில் முழுத் தொழில் வாழ்க்கையின் காலாண்டுக் கணக்கு. எல்லாம் இலவசம்.

அதில் விடுபட்ட வருடங்களைத் தேடுங்கள். முதலாளி கழித்தும் கட்டாமல் விட்ட மாதங்கள் இருக்கும், கைக்காசாகச் சம்பளம் வாங்கிய காலம் இருக்கும். சம்பளத் துண்டு கையில் இருந்தால் விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அதனால் பழைய சம்பளத் துண்டுகளைத் தயவுசெய்து எறியாதீர்கள். ஊருக்கு வந்த பிறகு, மூடிப்போன ஒரு உணவகத்தின் பழைய முதலாளியைத் தேடிப் பிடிப்பது நடக்கிற காரியம் இல்லை.

படி 2: பெயரையும் பிறந்த திகதியையும் ஒன்றாக்குங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். நம் வழக்கத்தில் தந்தை பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். வெளிநாட்டுப் படிவத்தில் எது குடும்பப் பெயர் என்று கேட்டபோது ஒருவர் தந்தை பெயரை எழுதியிருப்பார், இன்னொருவர் தன் பெயரையே எழுதியிருப்பார். மனைவி கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்திருப்பார், ஆனால் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்கும். ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' கூடியோ குறைந்தோ இருக்கும். 80களிலும் 90களிலும் போனவர்களில் சிலருக்கு, முதன்முதலில் அகதி விண்ணப்பத்தில் பதியப்பட்ட பெயரும் திகதியும் ஊர்ப் பத்திரத்தோடு ஒத்துவராது.

பென்சன் அலுவலகத்தின் கணினிக்கு இவை எல்லாம் இரண்டு வேறு ஆட்கள். பென்சன் வரும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போகாமல் பணம் திரும்பிப் போனதை நான் கண்டிருக்கிறேன்.

அங்கே இருக்கும்போதே அந்த நாட்டுச் சட்டப்படி திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். இங்கே வந்த பிறகென்றால், இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, பிறப்பு, விவாகப் பத்திரங்களின் மொழிபெயர்ப்பையும் சேர்த்து வையுங்கள். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும். வீட்டில் தட்டச்சு அடித்தது செல்லாது. வெளிநாட்டு அமைச்சின் சான்றுறுதி தேவைப்பட்டால் கொழும்புக்கு ஓட வேண்டாம். யாழ்ப்பாணக் கச்சேரியில் உள்ள கொன்சியூலர் பிராந்திய அலுவலகத்தில் செய்யலாம்.

யுத்தத்தில் பிறப்புப் பத்திரம் தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பதிவுப் புத்தகமே அழிந்திருந்தால் காலம் எடுக்கும். ஆகவே இதை முதல் வேலையாகத் தொடங்குங்கள்.

படி 3: உங்கள் நாட்டின் விதி

பிரித்தானியா. 2016 ஏப்ரல் 6 இற்குப் பிறகு பென்சன் வயதை எட்டுபவர்களுக்குப் புதிய அரச பென்சன். குறைந்தது 10 தகுதி வருடம் (பங்களிப்பு நிரம்பிய வருடம்), முழுத் தொகைக்கு 35 வருடம். பென்சன் வயது 66, அது 2026க்கும் 2028க்கும் இடையில் 67 ஆக ஏறுகிறது.

வருடம் குறைந்தவர்கள் விடுபட்ட வருடங்களைத் தாமாகக் கட்டி நிரப்பலாம். வழமையாகப் பின்னோக்கி ஆறு வருடம் வரைதான் அது முடியும். இப்படித் தாமாகக் கட்டுவதில் வழமையான வகையான மூன்றாம் வகுப்புப் பங்களிப்பு 2025-26இல் வாரத்துக்கு 17.75 பவுண், வருடத்துக்கு 923 பவுண். அந்த ஆண்டின் முழுப் பென்சன் வாரத்துக்கு 230.25 பவுண். அதை 35 ஆல் பிரித்தால் ஒரு வருடக் கட்டணம் பென்சனில் வாரத்துக்கு 6.58 பவுண், வருடத்துக்குச் சுமார் 342 பவுண் கூட்டும். போட்ட காசு மூன்று வருடத்துக்குள் திரும்பி வருகிறது. இதைவிட நல்ல முதலீட்டை நான் கண்டதில்லை. 8 வருடம் மட்டும் உள்ளவர் இரண்டு வருடத்தைக் கட்டி 10 ஆக்கினால், ஒன்றுமே இல்லாத இடத்தில் வாழ்நாள் பென்சன் வரும். வெளிநாட்டிலிருந்து கட்டுவதற்கான படிவம் சி.எஃப்.83.

ஆனால் விதி இறுகிவிட்டது. 2026 ஏப்ரல் 6 இலிருந்து தொடங்கும் ஆண்டுகளுக்கு, வெளிநாட்டில் இருப்பவர் மலிவான இரண்டாம் வகுப்பில் கட்ட முடியாது. மூன்றாம் வகுப்பில் கட்டவும் முன்பு பிரித்தானியாவில் 10 வருடம் வாழ்ந்தோ பங்களித்தோ இருக்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டுகளில் இடைவெளி உள்ளவர்கள் தாமதிக்காமல் விண்ணப்பிப்பது நல்லது.

அப்புறம், உறைந்த பென்சன். பிரித்தானியாவில் வசிப்பவருக்கு வருடாவருடம் பென்சன் கூடும். இலங்கையில் வசிப்பவருக்குக் கூடாது. ஊரில் இருந்துகொண்டு முதல் தடவை எடுக்கும் தொகை எதுவோ, இருபது வருடம் கழித்தும் அதே தொகைதான். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்து பிறகு ஊருக்கு வந்தால், வரும் நாளில் இருந்த தொகையோடு நின்றுவிடும். திரும்பிப் போய் அங்கே வாழத் தொடங்கினால் அன்றைய அளவுக்கு உயர்த்துவார்கள். இது நியாயமா என்று பல வருடமாக வழக்காடியும் போராடியும் வருகிறார்கள். விதி இன்னும் மாறவில்லை. முதுமைச் செலவைக் கணக்குப் பார்க்கும்போது அந்தத் தொகையின் பெறுமதி வருடாவருடம் தேயும் என்று வைத்தே பாருங்கள்.

கனடா. இங்கே இரண்டு பென்சன், இரண்டையும் குழப்பக்கூடாது. சி.பி.பி நீங்கள் கட்டியது. ஒரு தடவை முறையாகக் கட்டியிருந்தாலும் உரிமை உண்டு, உலகில் எங்கே இருந்தாலும் வரும். வழமையான வயது 65. 60இலேயே எடுக்கலாம், ஆனால் 65க்கு முந்திய ஒவ்வொரு மாதத்துக்கும் 0.6 சதவீதம் குறையும், 60இல் எடுத்தால் 36 சதவீதம் குறைவு. 70 வரை பொறுத்தால் 42 சதவீதம் கூடும். குறைந்தது ஆயுளுக்கும் குறைந்ததுதான்.

ஓ.ஏ.எஸ் என்ற முதியோர் பென்சனுக்கு நீங்கள் ஒன்றும் கட்டுவதில்லை. அது 18 வயதுக்குப் பிறகு கனடாவில் வாழ்ந்த வருடத்தைப் பொறுத்தது. முழுத் தொகைக்கு 40 வருடம். கனடாவில் இருந்துகொண்டு எடுக்க 10 வருடம் போதும். ஊரில் இருந்துகொண்டு எடுக்க 20 வருடம் வேண்டும்.

இந்த 20ஐக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். 45 வயதில் கனடா போய், 18 வருடம் உழைத்து, 63இல் யாழ்ப்பாணம் திரும்பும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். 65இல் அவருக்கு ஊரில் ஓ.ஏ.எஸ் ஒரு சதமும் இல்லை. அவரே இன்னும் இரண்டு வருடம் பொறுத்துத் திரும்பியிருந்தால் 40இல் 20, முழுத் தொகையின் பாதி, சாகும்வரை. இரண்டு வருடப் பனியைத் தாங்கினால் இருபது வருடச் சோறு. வீடு கட்டி முடிந்துவிட்டது, மாமரம் காய்க்கிறது என்று அவசரப்பட்டு வருபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். குறைந்த வருமானக்காரருக்கு ஓ.ஏ.எஸ்ஸோடு சேர்த்துக் கொடுக்கும் உபரித்தொகை ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். அதையும் கணக்கில் எடுங்கள்.

சுவிஸ். சுவிஸ் குடியுரிமை எடுத்தவருக்கு ஏ.எச்.வி பென்சன் யாழ்ப்பாணத்துக்கும் வரும். இலங்கைக் கடவுச்சீட்டோடு, வதிவிட அனுமதியில் இருந்தவர் நிரந்தரமாகத் திரும்பினால் பென்சன் இங்கே வராது. அதற்குப் பதிலாகக் கட்டிய பங்களிப்பைத் திரும்பக் கேட்கலாம். குறைந்தது ஒரு வருடம் கட்டியிருக்க வேண்டும், மனைவி பிள்ளைகளும் அங்கிருந்து வெளியேறியிருக்க வேண்டும். உங்கள் பங்கோடு முதலாளியின் பங்கும் சேர்ந்து வரும், வட்டி மட்டும் இல்லை. விண்ணப்பம் ஜெனீவாவில் உள்ள மத்திய ஈட்டு அலுவலகத்துக்கு.

வேலையிடப் பென்சன் நிதியான இரண்டாம் தூண் தனிக் கணக்கு. ஐரோப்பாவுக்கு வெளியே நிரந்தரமாகப் போகிறவர் அதை மொத்தமாக எடுக்கலாம், அங்கே வரி கழிப்பார்கள். வேலை மாறி மாறிச் செய்தவர்களுக்குப் பழைய வேலைகளின் இரண்டாம் தூண் பணம் வேறு வேறு இடங்களில் தூங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முதலாளியையும் நினைவுபடுத்தி எழுதித் தேடுங்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வாய்ப்பு இருப்பவர், திரும்புவதற்கு முன் ஒரு தடவை நிதானமாக யோசிக்க வேண்டும். 60இல் கிடைக்கும் மொத்தப் பணம் வீட்டுக் கூரையிலும் பிள்ளையின் கலியாணத்திலும் போய்விடுகிறது. 80 வயதில் மாதாமாதம் வருவதுதான் மருந்து வாங்கித் தரும்.

ஜெர்மனி. சம்பளத்தில் 18.6 சதவீதம், தொழிலாளியும் முதலாளியும் பாதிப் பாதி. பென்சனுக்கு 60 மாதம் வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டோடு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வந்தவர், கட்டாயக் காப்புறுதி முடிந்து 24 மாதம் கழித்துத் திருப்பிக் கேட்கலாம். கிடைப்பது உங்கள் பாதி மட்டும். முதலாளியின் பாதி அங்கேயே போய்விடும், எல்லா உரிமையும் அத்தோடு முடியும். 60 மாதம் தாண்டியவர்கள் திருப்பிக் கேட்காமல் பென்சனுக்குப் பொறுப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

பிரான்ஸ். குறைந்தபட்ச வருடம் என்று இல்லை, சில காலாண்டுகள் கட்டியிருந்தாலும் அந்த அளவுக்கு ஒரு சிறு பென்சன் உண்டு. அது ஊருக்கும் வரும். அரச அடிப்படைப் பென்சனையும், வேலை வழியாக வரும் மேலதிகப் பென்சனையும், இரண்டையும் கேட்க மறக்க வேண்டாம். வருமானம் குறைந்த முதியவருக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகை மட்டும் வருடத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் பிரான்சில் இருப்பவருக்கே.

ஜப்பானும் கொரியாவும். இப்போது இளம்பிள்ளைகள் போகும் நாடுகள் இவை. ஜப்பானில் ஆறு மாதமாவது கட்டியவர், நாட்டை விட்டு வெளியேறி இரண்டு வருடத்துக்குள் மொத்தத் தொகையைத் திரும்பக் கேட்க வேண்டும். இரண்டு வருடம் தாண்டினால் கதவு மூடிவிடும். 2021 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 60 மாதத்துக்கே கணக்கு. 20.42 சதவீதம் வரி கழிப்பார்கள். அங்கே ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்துவிட்டு வந்தால் அதையும் மீளக் கேட்கலாம், ஆகவே புறப்படும் முன் நம்பிக்கையான ஒருவரிடம் பேசி வையுங்கள். 10 வருடம் கட்டியவருக்குப் பென்சனே உண்டு, மொத்தத் தொகை இல்லை. கொரியாவுக்கு ஈ-9 என்ற தொழிலாளர் விசாவில் போனவர் முதலாளியின் பங்கோடும் வட்டியோடும் மொத்தமாக எடுக்கலாம். அதற்கு வேறாக, ஊர் திரும்பும்போது எடுக்கும் காப்புறுதிப் பணமும் உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றை விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

வளைகுடா. வெளிநாட்டவருக்குப் பென்சன் பங்களிப்பு பொதுவாக இல்லை. இருப்பது சேவை முடிவுப் பணம். அமீரகத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு வருடம் 30 நாள். அடிப்படைச் சம்பளம் 1,500 திர்ஹாம், சேவை 8 வருடம் என்றால் 105 நாளும் 90 நாளும் சேர்ந்து 195 நாள், அதாவது 9,750 திர்ஹாம். வீட்டுப்படி, பயணப்படி போன்ற மேலதிகக் கொடுப்பனவுகள் கணக்கில் வராது. ஆகவே ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதைப் போகும் முன்பே பாருங்கள். சவூதியில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதம், பிறகு ஒரு மாதம். தாமாக வேலையை விட்டால், சேவை பத்து வருடம் ஆகும்வரை அதில் ஒரு பகுதியே கிடைக்கும். இரண்டு வருடம் ஆகாதவருக்கு ஒன்றுமில்லை.

படி 4: ஊரில் விட்டுப் போன பணம்

வெளிநாட்டுப் பணத்தைத் தேடுகிறவர் உள்ளூர்ப் பணத்தை மறந்துவிடுகிறார். போகும் முன் இங்கே ஒரு கடையிலோ கம்பனியிலோ வேலை செய்திருந்தால் உங்கள் பெயரில் ஊழியர் சேமலாப நிதி இருக்கும். தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். அதோடு முதலாளி கட்டும் 3 சதவீத நம்பிக்கைப் பொறுப்பு நிதி வேறு. ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் எடுக்கலாம். நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகிறவர் அதற்கு முன்பும் எடுக்கலாம். தொழில் அலுவலகத்தில் அடையாள அட்டையோடு போய்க் கேளுங்கள்.

படி 5: மனைவிக்கும் கணவருக்கும் தெரியட்டும்

பெரியம்மாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது. கனடாவில் போதிய காலம் கட்டியவர் இறந்தால் துணைக்கு மாதப் பென்சனும், 2,500 டொலர் மரணக் கொடுப்பனவும் உண்டு. பிரான்சில் இறந்தவரின் அடிப்படைப் பென்சனில் 54 சதவீதம், 55 வயது தாண்டிய, வருமான வரம்புக்குள் இருக்கும் துணைக்கு. ஜெர்மனியிலும் விதவைப் பென்சன் உண்டு. இவற்றைக் கேட்கும்போது பதிவான விவாகப் பத்திரம் கையில் இருப்பது முக்கியம். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! இன்றைக்கே போய்ப் பதிவு செய்யுங்கள்.

எந்த நாடு, என்ன இலக்கம், எந்த அலுவலகம் என்று ஒரு தாளில் எழுதி அலுமாரியில் வையுங்கள். வைத்த இடத்தை மனைவியிடமும் ஒரு பிள்ளையிடமும் சொல்லுங்கள்.

படி 6: விண்ணப்பமும் உயிருடன் இருப்பதற்கான சான்றும்

பென்சன் வயது வந்தால் பணம் தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஆறு மாதம் முன்பே விண்ணப்பம் தொடங்குங்கள். பணத்தை ரூபாய்க் கணக்குக்கு எடுப்பதை விட, வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்று திறந்து அதற்கு எடுப்பது நல்லது. வேண்டிய நேரம் மாற்றிக்கொள்ளலாம்.

பென்சன் தொடங்கிய பிறகு, பல நாடுகளிலிருந்து உயிர்ச் சான்றுப் படிவம் ஒன்று வரும். சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ் வருடாவருடம் அனுப்பும், பிரித்தானியாவும் அனுப்பும். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று ஒருவர் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பணம் நிற்கும். ஒப்பமிடக்கூடியவர் யார் என்று படிவத்திலேயே இருக்கும், அந்தப் பட்டியலில் இல்லாதவரிடம் போக வேண்டாம். சமாதான நீதவான், சட்டத்தரணி, வைத்தியர் போன்றவர்கள் பல படிவங்களில் ஏற்கப்படுவார்கள். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா, திகதி உண்டா என்று பாருங்கள். நீங்கள் கடவுச்சீட்டில் தமிழில் ஒப்பமிட்டிருந்தால் படிவத்திலும் தமிழிலேயே ஒப்பமிடுங்கள்.

முகவரியில் வீட்டு இலக்கமும் ஒழுங்கைப் பெயரும் சரியாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு மாமாவின் படிவம் மூன்று மாதம் தபாலகத்தில் கிடந்தது, அவருடைய ஒழுங்கைக்கு இரண்டு பெயர் இருந்ததால். அந்த மூன்று மாதமும் அவருக்குப் பென்சன் வரவில்லை. இப்போது அவர் தபால்காரரின் தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். படிவம் வந்த அன்றே ஒப்பம் வாங்கி, பிரதி ஒன்று எடுத்து, மறுநாள் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டை அந்தப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வைக்கிறார்.